தொட்டுப் பார்க்கும் ஒளி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒளியிழைகளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவர் என்பதால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டீர்கள்: ஒளியை வைத்தே ஒரு பொருளை இன்னதென்று சொல்ல முடியும் என்றால், விரலில் ஏன் இன்னும் ஊசி குத்துகிறோம்? கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். கட்டிக்கொண்டாலே சர்க்கரை அளவைக் காட்டும் என்று விளம்பரம் செய்த கடிகாரம் ஒன்றை உங்கள் அப்பா வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து ஸ்ட்ரிப் வாங்குவதையே நிறுத்திவிட்டார். உங்களுக்குத் தனியாகப் பதில் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுவதற்கு அந்தக் கடைசிப் பத்திதான் காரணம். அப்படிப்பட்ட கடிகாரங்கள் இன்று பல வீடுகளில் இருக்கின்றன.

அப்பாவிடம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. தோளில் ஒட்டிக்கொள்ளும் தொடர் கண்காணிப்புக் கருவி வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போய் இருக்கிறது, அதன் நுனியில் நொதி இருக்கிறது. ஆகவே இன்றைக்கே மறுபடி ஸ்ட்ரிப் வாங்கிக் கொடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஒளிக்குச் சர்க்கரையை அடையாளம் தெரியும். எந்த ஒளிக்கு, எவ்வளவு நெருங்கினால் தெரியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் தினமும் செய்கிற வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சீரத்தைப் பிரித்து, ஜிஓடி-பிஓடி ரீஏஜென்ட்டில் கலந்து, இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் 505 நானோமீட்டரில் படிக்கிறீர்கள். அங்கே கருவி பார்ப்பது சர்க்கரையை அல்ல. ஒரு நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றுகிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வருகிறது, அது இன்னொரு நொதியின் துணையோடு ஒரு சாயத்தை உண்டாக்குகிறது. நாம் அளப்பது அந்தச் சாயத்தை. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை குளுக்கோஸுக்கு நிறமே கிடையாது என்பதால்தான் இவ்வளவு சுற்று. அகச்சிவப்பில் பார்த்தால் அதற்கு நிறம் உண்டு. சாயம் பூச வேண்டியதில்லை.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது? மூலக்கூறுக்குள் அணுக்கள் அசையாமல் இருப்பதில்லை, அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. நம் வீடுகளில் சேலையில் தூளி கட்டி, மேலே ஒரு ஸ்பிரிங்கை மாட்டுவோம் இல்லையா? பச்சைக் குழந்தையைப் போட்டால் அது வேகமாகத் துள்ளும். இரண்டு வயதுப் பிள்ளையைப் போட்டால் மெதுவாக ஏறி இறங்கும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் வேகம் கூடும், தளர்ந்திருந்தால் குறையும். அணுக்களுக்கும் இதே கணக்குதான். அணுவின் எடையும் பிணைப்பின் விறைப்பும் சேர்ந்து அதிர்வின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஒளியின் அதிர்வெண் அந்த வேகத்தோடு பொருந்தினால் மூலக்கூறு அந்த ஒளியை விழுங்கிக்கொள்கிறது. கொழுப்பில் நிறைந்திருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 3.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) அலைநீளத்தை ஒட்டி விழுங்கும். புரதத்தின் அமைடு பிணைப்பு 6 மைக்ரானை ஒட்டி. கார்பன் டை ஆக்சைடு 4.26 மைக்ரானில். குளுக்கோஸின் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புகள் 9 முதல் 10 மைக்ரானுக்குள். எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி காணாமல் போனது என்று வரைந்து பார்த்தால் (அந்த வரைபடம்தான் நிறமாலை), திரவத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இப்போது அப்பாவின் கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். பச்சை விளக்கு எரியும். சிவப்பும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பும் சிலவற்றில் இருக்கும். எல்லாமே 1 மைக்ரானுக்கும் குறைந்த அலைநீளங்கள். நாடித் துடிப்பை எண்ண அவை போதும். குளுக்கோஸ் தன் அடையாளத்தை வைத்திருப்பது 9 மைக்ரானுக்கு அப்பால். அந்த விளக்குகள் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, 9 மைக்ரான் விளக்கையே கடிகாரத்தில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். குறுக்கே நிற்பது தண்ணீர். உயிருள்ள எதிலும் தண்ணீர்தான் அதிகம், அது நடு அகச்சிவப்பை ஆவேசமாக விழுங்குகிறது. 6.1 மைக்ரானில் நாலைந்து மைக்ரான் ஆழத்து நீரே பெரும்பகுதி ஒளியைத் தீர்த்துவிடும். 9 மைக்ரானுக்கு மேல் கொஞ்சம் இரக்கம் காட்டும், ஆனாலும் சில பத்து மைக்ரான்களோடு சரி. விரல் நுனித் தோலின் இறந்த மேலடுக்கே அதைவிடத் தடிமன். ரத்தம் இருக்கும் இடத்துக்கு அந்த ஒளி போய்ச் சேராது. அளவையும் யோசித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று நீங்கள் எழுதித் தரும் ரிப்போர்ட்டின் பொருள், லிட்டருக்கு வெறும் 1 கிராம் சர்க்கரை. அதே லிட்டரில் புரதம் 60 முதல் 80 கிராம். மீதியில் பெரும்பங்கு நீர்.

ஒளியை உடம்புக்குள் அனுப்ப முடியவில்லை என்றால், பார்க்க வேண்டிய திரவத்தின் பக்கத்தில் ஒளியைக் கொண்டுபோக வேண்டும். ஒளியை வளைத்து, நெளித்து, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக மனிதன் கண்டுபிடித்த சிறந்த வழி கண்ணாடி இழை. இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. உங்கள் வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் சிலிக்கா இழை 1.55 மைக்ரானில் அபாரமாகத் தெளிவானது. அதில் போகும் ஒளி பாதியாகக் குறைய ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஆகும். அதே இழை 2 மைக்ரானைத் தாண்டினால் வேகமாக இருண்டுபோகும். காரணத்தை மேலேயே பார்த்துவிட்டோம். சிலிக்கானும் ஆக்சிஜனும் லேசான அணுக்கள், அவற்றின் பிணைப்பு விறைப்பானது. ஆகவே அவை வேகமாக அதிர்கின்றன, அகச்சிவப்பைக் கண்ணாடியே விழுங்கிவிடுகிறது. தூளியில் கனமான பிள்ளையைப் போட்டு ஸ்பிரிங்கையும் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? அதிர்வு மெதுவாகும், கண்ணாடி விழுங்கும் எல்லை நீண்ட அலைநீளங்களை நோக்கி விலகிப் போகும். தனிம வரிசை அட்டவணையில் ஆக்சிஜனுக்கு நேர் கீழே இறங்கினால் கந்தகம், செலினியம், டெலூரியம். இவற்றைக் கொண்டு ஆக்குவது சால்கோஜெனைடு கண்ணாடி.

ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கண்ணாடி 12 மைக்ரான் வரை ஒளியை விடும் என்று ருடால்ஃப் ஃப்ரெரிக்ஸ் 1950களின் தொடக்கத்திலேயே காட்டினார். அதை இழையாக இழுத்த முன்னோடிகளில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. அதன் பிறகு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்திலும், இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்திலும் பெரிய வேலைகள் நடந்தன. டெல் அவீவில் செய்தது வெள்ளி ஹாலைடு இழை, கண்ணாடியே அல்ல, படிகம். நான் உங்களை அழைத்துப்போக விரும்பும் ஊர் பிரான்சின் மேற்கே பிரித்தானி வட்டாரத்தில் உள்ள ரென். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஜாக் லூக்காவின் ஆய்வகத்தில் பூலேன் சகோதரர்கள் 1974இல் புதிய படிகங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, எதிர்பாராமல் சிர்கோனியம் ஃப்ளோரைடு கண்ணாடி கிடைத்தது. அது சிலிக்காவைவிடத் தூரம் போனது, என்றாலும் இழையாக 4 மைக்ரானை ஒட்டி நின்றுவிட்டது. அதே ஆய்வகம் பிறகு டெலூரியம், ஆர்செனிக், செலினியம் மூன்றையும் சேர்த்த கண்ணாடிக்கு வந்தது. இரண்டு பங்கு டெலூரியம், மூன்று பங்கு ஆர்செனிக், ஐந்து பங்கு செலினியம். அந்த இழை 12 மைக்ரான் வரை ஒளியைக் கொண்டுபோகிறது. புரதம், கொழுப்பு, சர்க்கரை மூன்றின் அடையாளங்களும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன.

பார்க்க அந்தக் கண்ணாடி கறுப்பாக, உலோகம் போல மின்னும். நம் கண்ணுக்கு அதன் வழியே ஒன்றும் தெரியாது. அகச்சிவப்புக்கு மட்டும் அது திறந்த சன்னல். செய்முறையில்தான் இதன் உயிர் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 99.999 சதவீதம் தூய்மையான தனிமங்களை எடுக்கிறார்கள். அதுவும் போதாது. செலினியத்தோடு ஒட்டிய ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே 4.6 மைக்ரானுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஆக்சிஜன் மீந்திருந்தால் வேறு இடங்களில் விழும். அந்தப் பள்ளத்தை நோயாளியின் ரத்தத்தில் இருப்பதாக யாராவது படித்துவிட்டால் என்ன ஆவது? ஆகவே ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள மக்னீசியம் அல்லது அலுமினியம், ஹைட்ரஜனை வெளியேற்ற டெலூரியம் குளோரைடு என்று சிட்டிகை அளவு சேர்க்கிறார்கள். எல்லாவற்றையும் வெற்றிடமாக்கிய சிலிக்கா குழாயில் அடைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். வடித்ததை மறுபடி அடைத்து, தொட்டில் போல ஆடும் உலையில் 800 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் கலக்குகிறார்கள். பிறகு குழாயோடு நீரில் அமிழ்த்திச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். தாமதித்தால் படிகமாகிவிடும், படிகமானால் ஒளி சிதறிவிடும். இந்தக் கண்ணாடி 137 டிகிரியிலேயே நெகிழத் தொடங்கும், நீர் கொதிக்கும் சூட்டுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். உறைந்த கம்பியை மெல்லச் சூடேற்றி இழையாக இழுக்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டும் இதில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் இழப்பு. மூன்று மீட்டரில் ஒளி பாதியாகிவிடும். சிலிக்காவின் 15 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தி அனுப்பும் இழையில் ஒளி வெளியே கசிந்தால் அது குறை. இந்த இழை கசிவதற்காகவே செய்யப்படுகிறது, அதுவும் பரிசோதனை மேசையின் நீளத்துக்குள்.

அந்தக் கசிவைப் பற்றிக் கேளுங்கள். பள்ளியில் முழு அக எதிரொளிப்பு படித்திருப்பீர்கள். இழையின் உள்ளே ஒளி சுவரில் பட்டு முழுவதுமாகத் திரும்புகிறது என்று புத்தகம் சொல்லும். உண்மையில் திரும்புவதற்கு முன் ஒளியின் அலை சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. எட்டும் ஆழம் ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும், அதற்குள் அது மங்கிப்போகும். அந்த ஒரு மைக்ரானுக்குள் ஏதாவது மூலக்கூறு இருந்தால் தனக்கு உரிய அலைநீளத்தை எடுத்துக்கொள்ளும். இழை நெடுக ஒளி இப்படிப் பல முறை சுவரைத் தொடும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மறுமுனைக்கு வந்து சேரும் ஒளியில் அந்தக் குறைகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். தொடும் முறைகளைக் கூட்டுவதற்காக, 400 மைக்ரான் இழையைத் திரவத்தில் முங்கும் இடத்தில் மட்டும் 100 மைக்ரான் அளவுக்கு மெல்லியதாக இழுத்துவிடுகிறார்கள்.

இதில் என்னைக் கட்டிப்போட்டது, தண்ணீர் தந்த தொல்லைக்கு இங்கேயே தீர்வும் இருப்பதுதான். வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலும் இழைக்குத் தெரிவது தன் மேல் படிந்த அந்த ஒரு மைக்ரான் மட்டுமே. நீர் எல்லா ஒளியையும் விழுங்க அந்த ஆழம் போதாது. போதாக்குறைக்கு இந்தக் கண்ணாடிக்குத் தண்ணீர் ஒட்டாது. கொழுப்பும் புரதமும் கரிமப் பொருள்களும் அதன் மேல் வந்து சேர்கின்றன, தண்ணீர் ஒதுங்குகிறது. தேட வேண்டியவை தாமே வந்து கண்முன் நிற்கின்றன.

அப்படி எதையெல்லாம் பார்த்தார்கள்? ரென் ஆய்வகத்தில் கத்தரீன் பூசார்-ப்ளெதெல், ப்ரூனோ ப்யூரோ முதலானவர்கள் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சிறுநீர்த் தொற்றில் நீங்கள் அறிந்த புரோட்டியஸ் மிராபிலிஸ் கிருமி அகார் தட்டில் அலை அலையாகப் பரவுவதை இழையைத் தட்டிலேயே வைத்து, பரவப் பரவப் பார்த்தார்கள். கழிவுநீரில் குளோரின் கலந்த கரைப்பான்களைத் தேடினார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பியர் லூக்காவும் மற்றவர்களும் மனித நுரையீரல் செல்களை இழையின் மேலேயே உயிரோடு வளர்த்தார்கள். நச்சுப் பொருள் வந்தால் செல் தன் சவ்வில் தடுமாறும், அந்தத் தடுமாற்றம் நிறமாலையில் தெரியும். நஞ்சின் பெயர் தெரியாமலே, அது உயிரை என்ன செய்கிறது என்று கேட்கும் முறை அது. விண்வெளிக்கும் இந்தக் கண்ணாடி போவதாக இருந்தது. வேறு விண்மீன்களின் கோள்களில் 15 மைக்ரானில் கார்பன் டை ஆக்சைடைத் தேட ஐரோப்பிய விண்வெளி முகமை வகுத்த டார்வின் திட்டத்துக்காக 20 மைக்ரான் வரை எட்டும் டெலூரியக் கண்ணாடிகளை உருவாக்கினார்கள். திட்டம் 2007இல் நின்றுபோனது, கண்ணாடி மிஞ்சியது.

உங்கள் துறையைச் சேர்ந்தவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மூட்டு நீர் பற்றியது. முழங்கால் திடீரென்று வீங்கிக் காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். அது கிருமித் தொற்றா, வாதமா, யூரிக் அமிலமா? தொற்று என்றால் சில நாட்களுக்குள் குருத்தெலும்பு அழிந்துவிடும். கல்ச்சர் முடிவு வரவும் நாட்கள் ஆகும். ரென் நகர மருத்துவர்கள் அந்த மூட்டு நீரின் சில துளிகளை இழையின் மேல் வைத்து, நிறமாலையைக் கொண்டு தொற்றுள்ளதையும் இல்லாததையும் பிரிக்க முடிகிறது என்று 2016இல் வெளியிட்டார்கள். கல்லீரல் நோயிலும் சீரத்தை வைத்து இதே பாதையில் போனார்கள். 2011இல் அந்த ஆய்வகத்திலிருந்தே டயாஃபிர் என்ற நிறுவனம் பிறந்தது.

இந்த இழையின் இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன். சர்க்கரைக்கு உங்களிடம் ஏற்கெனவே மலிவான, நம்பகமான ஸ்ட்ரிப் இருக்கிறது. ஒரே கேள்வி, ஒரே பதில். இழை அப்படிப் பதில் சொல்வதில்லை. சீரத்தின் நிறமாலையில் ஆயிரம் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. புரதத்தின் 6 மைக்ரான் அடையாளத்தின் மேலேயே தண்ணீரின் அடையாளமும் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சில முறைகளில் துளியை உலரவிட்டே படிக்கிறார்கள். குளுக்கோஸின் பகுதியில் பாஸ்பேட்டுகளும் புரதத்தோடு பிணைந்த மற்ற சர்க்கரைகளும் கலந்திருக்கின்றன. நோயுள்ளவர், இல்லாதவர் என்று நிறையப் பேரின் நிறமாலைகளைக் கணினிக்குப் பழக்கிய பிறகுதான் அது புதிய ஒருவரைப் பற்றி, இவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சொல்லும். எந்த மக்களிடம் பழகியதோ அவர்களைத் தாண்டி வேறு மக்களிடம் போனால் மறுபடி சோதிக்க வேண்டும். பிரான்சில் சரியாக வந்தது மதுரையிலும் சரியாக வரும் என்று முன்கூட்டியே சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. எந்த ரீஏஜென்ட்டும் தனியாகப் பதில் சொல்லாத இடங்களில், இந்தத் திரவம் மொத்தத்தில் எதைப் போல இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடங்களில், இது மதிப்புள்ளது.

ஆர்செனிக் என்றதும் உங்களுக்குத் திக்கென்றிருக்கும். கண்ணாடிக்குள் அது இறுகப் பிணைந்திருக்கிறது, வெளியே எடுத்த துளியைச் சோதிக்க அதனால் தடையில்லை. உடம்புக்குள் நுழைக்க வேண்டும் என்றால் கேள்வி எழும்தான். அதனால் ஆர்செனிக்கே இல்லாமல் ஜெர்மானியம், செலினியம், டெலூரியம் சேர்த்த இழைகளையும் ரென்னில் செய்திருக்கிறார்கள், அவை 16 மைக்ரான் வரை போகின்றன. இழை எளிதில் முறியும், கருவியின் விலையும் குறைவில்லை. அறைச் சூட்டில் இருக்கும் மேசை, சுவர், நம் கை எல்லாமே 10 மைக்ரானை ஒட்டி ஒளிர்கின்றன. அந்த இரைச்சலை அடக்க, நுட்பமான உணரிகளைத் திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அளவுக்கு இது ஏன் இன்னும் சுருங்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊசியில்லாமல் ஒளியால் சர்க்கரை பார்க்கும் கருவி என்று உங்கள் லேபுக்கு யாராவது விற்க வந்தால், எந்த அலைநீளம் என்று கேளுங்கள். ஒளி எந்தத் திரவத்தைத் தொடுகிறது என்று கேளுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் சிரை ரத்தத்தோடு ஒப்பிட்ட முடிவுகளை, உங்கள் ஊர் நோயாளிகள் போன்றவர்களிடம் எடுத்ததை, காட்டச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நீங்களே கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. வேதியியல் ஆய்வு நடக்கும் கல்லூரிகள் பலவற்றில் அகச்சிவப்பு நிறமாலையை வரையும் எஃப்டிஐஆர் கருவி இருக்கிறது. அதில் வைரப் படிகம் பதித்த ஏடிஆர் மேடை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இழையில் நடக்கும் அதே எட்டிப் பார்த்தல் அந்தப் படிகத்தின் மேல்பரப்பில் நடக்கிறது. குளுக்கோஸ் கரைசலில் ஒரு துளி வைத்து உடனே ஒரு முறை படியுங்கள். அந்தக் கருவி அலைநீளத்துக்குப் பதில் அலையெண்ணை, அதாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையைக் காட்டும். அலையெண் 1640இல், அதாவது 6.1 மைக்ரானில், தண்ணீர் உயர்ந்து நிற்கும். அப்படியே உலரவிட்டு மறுபடி படியுங்கள். தண்ணீர் இறங்க இறங்க, 1035ஐயும் 1080ஐயும் ஒட்டிய முகடுகள் எழுந்து வரும். நூறு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம், 300 மில்லிகிராம் என்று இரண்டு கரைசல்களையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். ஈரமாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தறிய முடிகிறதா, உலர்ந்த பிறகு முடிகிறதா என்று பார்த்து, வரைபடங்களோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்